நம் ஹால்ட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விடிகாலை பெங்களூர் வண்டிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கும் அண்ணன்மாருக்கும், மல்லிப்பூ மூட்டையோடு வரும் அக்காமாருக்கும், ஓசூர் கம்பெனி பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைசி நிமிஷத்தில் ஓடிவரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இதை ரயில்வேக்கு அல்லவா எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ரயில்வேக்கு மனு போய்க்கொண்டேதான் இருக்கிறது. லைட்டு வேண்டும், தண்ணீர் வேண்டும், மேடையை உயர்த்த வேண்டும், இன்னொரு வண்டி நிற்க வேண்டும். மனு யார் மேஜைக்குப் போனாலும் அவர் முதலில் எடுத்துப் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ஸ்டேஷனிலிருந்து எத்தனை டிக்கெட், எவ்வளவு வசூல். அந்தக் கணக்கில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது பற்றித்தான் இந்த மடல்.

ஊர் பேரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதினால் நாளைக் காலையிலேயே டிக்கெட் பரிசோதகர்கள் கும்பலாக வந்து இறங்கினாலும் இறங்குவார்கள். ஓமலூரில் பிரிந்து, தொப்பூர் ஏறி, தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூர் போகிற ஒற்றைப் பாதை நம்முடையது. அதில் ரயில்வே ஆள் இல்லாத ஒரு சின்ன ஸ்டேஷன், அதைத்தான் ஹால்ட் என்பார்கள். இவ்வளவு சொன்னாலே நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரியும். வேறு ஹால்ட்காரர்கள் படித்தால் அவர்களுக்கும் பொருந்தும்.

நம் ஸ்டேஷனை ஒரு வெளியூர்க்காரர் கண்ணால் பாருங்கள். மும்மொழியில் எழுதிய மஞ்சள் பலகை. ஒரு புங்கமரம். ஓட்டுக் கூரையடியில் இரும்புத் தகடு வைத்து மூடிய டிக்கெட் ஜன்னல். அதன் மேல் போன தேர்தல் சுவரொட்டி பாதி, காதுகுத்து அழைப்பு பாதி. மேடை என்று சொல்வது தண்டவாளத்தின் மட்டத்துக்கு மண்ணையும் ஜல்லியையும் கொட்டி நிரவிய இடம். அறுப்புக் காலத்தில் அதில் ராகி காயும், மற்ற நாளில் ஆடு மேயும். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது, பச்சைக்கொடி காட்ட ஒருவரும் கிடையாது. டைம்டேபிளில் நம் பேர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வண்டி ஓட்டும் லோகோ பைலட் இங்கே பிரேக் போடுகிறார்.

கொஞ்சம் பயப்பட வேண்டிய விஷயம் இது. நம் நிறுத்தத்தை எடுப்பதற்கு யாரும் எதையும் இடிக்க வேண்டாம், யாரையும் பணிமாற்றம் செய்ய வேண்டாம். அடுத்த டைம்டேபிளில் ஒரு வரியை நீக்கினால் முடிந்தது. மறுநாள் காலையில் நாம் வந்து நின்றுகொண்டிருப்போம், வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போய்விடும்.

நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுக்கப் பயணிகள் வண்டிகளை நிறுத்தினார்கள். திரும்ப விட்டபோது பல ஊர்களில் சின்ன நிறுத்தங்கள் திரும்ப வரவில்லை. வந்த இடங்களிலும் சாதாரண பாசஞ்சரை 'ஸ்பெஷல்' என்று பேர் மாற்றி, பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ரூபாய் ஆக்கினார்கள். பழைய பத்து ரூபாய் திரும்பி வர 2024 பிப்ரவரி ஆனது. அந்த முப்பது ரூபாய்க் காலத்தில்தான் நம் ஊரில் பாதிப்பேர் டிக்கெட் எடுக்கும் பழக்கத்தையே விட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். 'பக்கத்து ஊருக்கு முப்பதா, போடா' என்று விட்டது, கட்டணம் குறைந்த பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சரி, அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ரயில்வே தன் ஸ்டேஷன்களை வகை பிரித்து வைத்திருக்கிறது. 2017இல் மாற்றிய முறைப்படி புறநகர் ஸ்டேஷன் ஒரு இனம், மற்ற ஸ்டேஷன் ஒரு இனம், நம்மைப் போன்ற ஹால்ட் மூன்றாவது இனம். ஹால்ட்டுக்குள்ளேயே மூன்று படி. வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வசூல், ஒரு லட்சம் வரை பயணிகள் என்றால் கடைசிப் படி. அதைத் தாண்டினால் நடுப்படி. ஐம்பது லட்சத்தையோ மூன்று லட்சம் பயணிகளையோ தாண்டினால் மேல்படி. எந்தப் படியோ அதற்குத் தகுந்த மாதிரிதான் பெஞ்சு, குழாய், கூரை எல்லாம்.

ஐந்து லட்சம் என்றதும் மலைப்பாக இருக்கும். 365ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1,370 ரூபாய். எல்லாமே பத்து ரூபாய் டிக்கெட் என்று வைத்தாலும் 137 டிக்கெட். ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் எடுக்கும் டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டும், ஆகவே 137 பேர்கூடத் தேவைப்படாது. திங்கட்கிழமை காலையில் நம் புங்கமரத்தடியில் நிற்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்துவிட்டுக் கட்டட வேலைக்குத் திரும்பும் மேஸ்திரியும் சித்தாளும் மட்டுமே ஒரு பெட்டியை நிறைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கையில் நம் ஊர் பேர் போட்ட டிக்கெட் இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

கூட்டம் இருக்கிறது, கணக்கில் கூட்டம் இல்லை. டிக்கெட்டே எடுக்காமல் வருகிறவர்கள் ஒரு பக்கம். அவர்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம், எங்கே ஏறினோம் என்று காட்ட முடியாவிட்டால் வண்டி கிளம்பிய இடத்திலிருந்தே கட்டணம் போடலாம். அவர்களுக்கே தெரியும்.

எனக்கு ஆதங்கம் மற்ற பக்கத்தார் மேல். காசு கொடுத்து, நேர்மையாக டிக்கெட் எடுத்து, நம் ஸ்டேஷனுக்கு மட்டும் ஒன்றும் சேராமல் பார்த்துக்கொள்கிறவர்கள். செல்போனில் எடுக்கும்போது நம் ஊர் பேரைத் தேடச் சோம்பல்பட்டு 'தருமபுரி' என்று போட்டுவிடுகிறோம், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று. அல்லது மகனைப் பைக்கில் பாலக்கோட்டுக்கு அனுப்பி அங்கே கவுண்டரில் அங்கிருந்து எடுத்து வரச் சொல்கிறோம். ஏறுவது இங்கே, டிக்கெட் அங்கே. அந்த வருமானமும் அந்தத் தலைக்கணக்கும் பெரிய ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருகிறது. ஏற்கெனவே வண்டிகள் நிற்கும் ஊருக்கு நாம் மொய் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கணக்கில் ஏறுவது ஒரு ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறவர்கள்தான். சாயங்காலம் ஓசூரில் டிக்கெட் எடுத்து இங்கே வந்து இறங்கினால், அது ஓசூர் கணக்கு. ஆகவே காலையில் எடுக்காமல் வந்துவிட்டு 'நான்தான் சாயங்காலம் எடுக்கிறேனே' என்பவர்களும் நமக்கு உதவவில்லை. தினம் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுப்பதென்றால் நம் ஊரிலிருந்து என்று கேட்டு எடுங்கள். ஒரு சீசன் என்றால் அந்த மாதத்தின் பல பயணங்களாகக் கணக்கு. மூன்று மாதத்துக்கு எடுத்தால் 2.7 மாதக் காசுதான், ஆறு மாதத்துக்கு 5.4, வருஷத்துக்கு 10.8. படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டுக்கும் பள்ளி கல்லூரிக்கும் நடுவே இலவச சீசனே உண்டு: பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை, பையன்களுக்கு பிளஸ் டூ வரை. பள்ளியிலோ கல்லூரியிலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். நம் ஊரில் இதைக் கேட்டு வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் நீங்கள் கேட்கிற நியாயமான கேள்வி வரும். டிக்கெட் ஜன்னலையே மூடி வைத்துவிட்டு டிக்கெட் விற்கவில்லை என்று சொன்னால் என்ன நியாயம்? நியாயமே இல்லை. இந்த அளவுகோலே கோணல்தான். ஆள் இல்லாத இடத்தில் விற்பனை குறையும், விற்பனை குறைந்தால் ஆள் போட மாட்டார்கள். மருந்துக்கடை இல்லாத ஊரில் யாருக்கும் காய்ச்சலே வருவதில்லை என்று எழுதி வைக்கிற கதை. இதைச் சொல்லி மனுவும் போடலாம், போட வேண்டும். ஆனால் மனுவோடு ஒரு வருஷத்து டிக்கெட் கணக்கும் போனால் அதன் கனமே வேறு.

அந்த ஜன்னல் எப்படி மூடியது என்பது நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஹால்ட்டில் டிக்கெட் விற்பவர் ரயில்வே ஊழியர் கிடையாது. உள்ளூர் ஆள் ஒருவரைக் கமிஷனுக்கு வைப்பார்கள். அவர் தன் கைக்காசைக் கட்டிப் பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி வந்து, வண்டி வருவதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து விற்பார். விற்றதற்குத்தான் கமிஷன். நம் ஊரில் அந்த வேலையைப் பார்த்தவர் கடைசியில் டீச் செலவுக்குக்கூடக் கட்டவில்லை என்று விட்டுவிட்டார். நாம் ஜன்னலைத் தாண்டி நேராக வண்டிக்கு நடந்ததை அவர் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னொருவர் முன்வந்தால் அந்த ஜன்னல் திறக்க வழி இருக்கிறது. அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் முன்வருகிறவர் முதலில் கேட்பது 'ஒரு நாளைக்கு எத்தனை போகும்?' என்பதாகத்தான் இருக்கும்.

ஜன்னல் திறக்கும் வரை செல்போன்தான். முன்பதிவில்லாத டிக்கெட் எடுக்க ரயில்வே விட்ட யூடிஎஸ் ஆப்பில் பழகியவர்கள் இருப்பீர்கள். 2025 ஜூலையில் ரயில்ஒன் என்று ஒரு ஆப் வந்தது, அந்த டிக்கெட்டை அதில் எடுக்கலாம். அதில் நம்ம ஆட்கள் திணறுவது ஒரே இடத்தில். மரத்தடியில் வந்து நின்றுகொண்டு எடுக்கப் பார்க்கிறார்கள், ஏற்க மாட்டேன் என்கிறது, 'நம்ம ஊருக்கு இது வேலை செய்யாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றால் அது எடுக்க விடாது. பரிசோதகர் தலையைப் பார்த்ததும் எடுத்துக்கொள்வதைத் தடுக்க வைத்த ஏற்பாடு. பெரிய ஸ்டேஷன்களில் க்யூஆர் ஒட்டி வைத்திருப்பார்கள், அதை ஸ்கேன் செய்து உள்ளேயே எடுக்கலாம். இங்கே அது இல்லை. வீட்டில் செருப்பு மாட்டும்போதே எடுத்துவிடுங்கள். எடுத்து மூன்று மணி நேரத்துக்குள் வண்டி ஏறினால் போதும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். அதற்கு சிக்னல் தேவையில்லை, ஆகவே ராயக்கோட்டைப் பக்கத்தில் சிக்னல் போனாலும் கவலையில்லை.

செல்போன் இல்லாத பாட்டி தாத்தாவுக்கு? அவர்களுக்கும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. டிக்கெட் வாங்க வசதி இல்லாத இடத்தில் ஏறுவதற்கு முன்னால் ரயில்வே ஊழியரிடம் சொல்லி அனுமதி வாங்கலாம், அவர் எழுதிக்கொடுத்த சான்று கையில் இருந்தால் கட்டணம் மட்டும்தான், அபராதம் கிடையாது. 1989 ரயில்வே சட்டத்தின் 55ஆம் பிரிவில் இருக்கிறது. நமக்கு அந்த ஊழியர் என்றால் கடைசிப் பெட்டியில் வரும் கார்டுதான், 2022லிருந்து அவருக்கு ரயில் மேலாளர் என்று பேர். ஆனால் வண்டி நிற்பதென்னவோ ஒரு நிமிஷம். முட்டிவலிக்காரப் பாட்டி கடைசிப் பெட்டி வரை நடந்து போய் விவரம் சொல்லிச் சான்று வாங்கித் திரும்பி வந்து ஏறுவதென்றால் அது காகிதத்தில்தான் நடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் போனில் பாட்டிக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு கூடவே போவதுதான் நடைமுறை.

பாட்டி என்றதும் அந்தப் படிக்கட்டுக்கு வருகிறேன். உயர்மட்ட மேடை என்றால் தண்டவாளத்திலிருந்து 76 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், பெட்டிக்குள் ஒரு எட்டு வைத்தால் போதும். நம்முடையது தண்டவாள மட்டம். கீழ்ப்படியே ஒரு வயதான அம்மாவுக்கு இடுப்பு உயரம் வருகிறது. நடக்கிறதைப் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே ஏறிவிட்ட ஒரு பையன் குனிந்து இரண்டு கையையும் நீட்டுவான். கீழே இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவார்கள். அந்த அம்மா வாயில் முந்தானையைக் கவ்விக்கொண்டு முட்டியைப் படியில் ஊன்றி மேலே போவார். அப்புறம் பூ மூட்டை. பூ வாடாமல் இருக்க ஈரத்துணி சுற்றியிருப்பதால் மூட்டை கைக்கு வழுக்கும். அதற்குள் வண்டி நகரத் தொடங்கியிருக்கும். இதுவரை யாரும் விழவில்லை என்பது நம் கெட்டிக்காரத்தனம் இல்லை.

மேடையை உயர்த்தக் காசு கேட்கத்தான் எனக்கு அந்த ஐந்து லட்சம் வேண்டும்.

மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன தடவை நம்ம ஊரிலிருந்து போனது சேலத்துக்கு. மொரப்பூரும் பொம்மிடியும் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம், அதனால் நாமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். ஓமலூர் தாண்டி இந்தப் பக்கம் திரும்பியதும் கோட்டம் மாறிவிடுகிறது. தருமபுரியும் ஓசூரும் நாமும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். தென்மேற்கு ரயில்வேயின் தலைமையிடம் ஹூப்ளி. நம் வரி சென்னைக்கு, நம் ஓட்டு தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும், நம் தண்டவாளம் ஹூப்ளிக்கு. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நம் ஊர் எங்கிருக்கிறது என்றே தெரிந்திருக்காது; அவருக்குத் தெரிவது கம்ப்யூட்டரில் வரும் எண் மட்டும்தான். அதனாலும்தான் எண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

'வண்டி இல்லாவிட்டால் என்ன, பஸ் இருக்கிறது' என்று நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள். நம் இரண்டு மாவட்டத்துக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் குறுகிய ரயில்பாதை போட்டார்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்தது, 1913இல் ஓசூர் வரை நீண்டது. கிருஷ்ணகிரிப் பாதை 1936இல் மூடப்பட்டது, மொரப்பூர்ப் பாதை உலகப்போர் நேரத்தில் 1941இல். தருமபுரிக்கும் ஓசூருக்கும் பிற்பாடு நம்முடைய இந்தப் பாதையின் வழியாக ரயில் திரும்பக் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்குக் கிடைக்கவில்லை. 2004இலிருந்து அது மாவட்டத் தலைநகர், மாம்பழத்துக்கு ஊரெல்லாம் பேர், ஆனால் ரயில் ஏற வேறு ஊருக்குப் போக வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை என்று சர்வே மேல் சர்வே நடந்தது, தண்டவாளம் வரவில்லை. மொரப்பூர் தருமபுரி பாதையை மறுபடி போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், 36 கிலோமீட்டர். அதிலும் இன்னும் வண்டி ஓடவில்லை. எடுத்துப்போட்டதைத் திரும்ப வாங்க மூன்று தலைமுறை அலைய வேண்டியிருக்கிறது.

நம் பாதை அப்படி அழியப் போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மின்கம்பி வந்துவிட்டது. 2023 டிசம்பர் 30 முதல் கோவை பெங்களூர் வந்தே பாரத் இதே தண்டவாளத்தில் நம் ஆட்டுக்குட்டிகளை மிரட்டிக்கொண்டு ஓடுகிறது. எர்ணாகுளம் இன்டர்சிட்டி போகிறது, தூத்துக்குடி மைசூர் போகிறது. ஒற்றைப் பாதையில் வேகமான வண்டிகள் கூடக் கூட, நின்று நின்று போகும் வண்டி எல்லோருக்கும் இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு நிறுத்தத்தைக் குறைத்தால் சில நிமிஷம் மிச்சம் என்று யாராவது கணக்குப் போடுவார்கள். அப்போது அவர்கள் பட்டியலைக் கீழிருந்துதான் பார்ப்பார்கள்.

இனி செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் உட்காரலாம் என்று நானும் ஓசூர் போகிற பையன்கள் சிலரும் பேசி வைத்திருக்கிறோம். போனைக் கொண்டுவந்தால் ஆப்பை ஏற்றி, நம் ஊர் பேரைத் தேடி, அடிக்கடி போகிற பாதையாகச் சேமித்துக் கொடுத்துவிடுவோம். அக்காமார் கட்டாயம் வர வேண்டும், பையன்களை மட்டும் அனுப்பிவிட வேண்டாம். காலையில் வண்டி ஏறுவது நீங்கள்தான்.

ஊராட்சிக்கு ஒரே ஒரு வேலை. ஸ்டேஷன் நிலம் ரயில்வேயுடையது, அதில் கைவைக்க முடியாது. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து ஸ்டேஷன் வரை வரும் மண்பாதை நம்முடையது. அதில் மூன்று தெருவிளக்கு போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விடிகாலை இருட்டில் அந்தப் புதர்ப் பக்கம் தனியாக வரப் பயந்து, அப்பாவை பைக்கில் கொண்டுவிடச் சொல்லும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலைவர் ஒருமுறை வந்து நின்று பார்க்கட்டும்.

டிக்கெட் ஜன்னல் வேலைக்கு ஆர்வம் இருக்கிறவர்கள், முக்கியமாகக் காலையிலும் மாலையிலும் மட்டும் நேரம் ஒதுக்க முடிகிறவர்கள், அதே ஞாயிற்றுக்கிழமை வந்து பேர் கொடுங்கள். மூன்று மாதம் எல்லோரும் நம் ஊர் பேரில் எடுத்துவிட்டு, அந்த எண்ணை வைத்துக்கொண்டு பெங்களூருவுக்கு மனு எழுதலாம். கன்னடத்தில் எழுதத் தெரிந்தவர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் வரட்டும்.

இப்படிக்கு,
உங்களோடு அதே மரத்தடியில் நிற்கிற ஒருவன்